எறும்பு எங்கே?

முப்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். புதன்கிழமைதோறும் தடுப்பூசி. "வலிக்கவே வலிக்காது கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேனோ.

ஐந்து வயதில் போடும் டிபிடி ஊசி. ஒரு பையன் என் பேச்சை நம்பிக் கையை நீட்டினான். குத்தியதும் வீறிட்டான். அழுகைக்கு நடுவிலேயே தன் கையைப் பார்த்தான், பெஞ்சைப் பார்த்தான், குனிந்து தரையைப் பார்த்தான். "எறும்பு எங்கம்மா?" என்றான். அவன் அம்மா என்னைப் பார்த்தாள்.

அதுவரை வள்ளுவர் எனக்குத் துணை இருந்தார். குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையாகவே கொள்ளலாம் என்பது 292வது குறள். தொண்டை அடைப்பானும் கக்குவானும் ரணஜன்னியும் அண்டாமல் காக்கும் ஊசி. அதற்காகச் சொல்லும் பொய்யில் என்ன குற்றம்? அன்று இரவு யோசித்தேன். நன்மை செய்தது மருந்து. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அது அதே வேலையைத்தான் செய்திருக்கும். பொய்யால் பலன் கண்டவள் நான். கை சீக்கிரம் நீண்டது, வரிசை நகர்ந்தது, அவ்வளவுதான். வள்ளுவர் கொடுத்த விலக்கில் எனக்கு இடமில்லை.

அடுத்த புதனிலிருந்து, "சுருக்குனு வலிக்கும். சீக்கிரம் போயிடும். இந்தக் காத்தாடிய ஊது" என்றேன். எந்தக் கையில் போடலாம் என்று பிள்ளைகளையே கேட்டேன். படுக்கவைத்து அமுக்குவதை விட்டு, அம்மா மடியில் நிமிர்ந்து உட்காரவைத்தோம். அழுதார்கள்தான். ஆனாலும் சிலர் காற்றாடி நின்ற பிறகு "போட்டாச்சா?" என்று கேட்டார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளை வெளியிட்டபோது, பொய்யான ஆறுதல் கூடாது என்பதும் அதில் இருந்தது. அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடச் சொன்னார்கள். குத்தியதும் சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கவும் வேண்டாமாம். எனக்கு அதைக் கட்டாயமென்று கற்றுக்கொடுத்திருந்தார்கள். எத்தனை குட்டித் தொடைகளில் வீணாக அந்த இழுப்பு!

ஒன்றரை மாதக் குழந்தையிடம் பொய்யும் செல்லாது, மெய்யும் செல்லாது. அதனால் பொய்யை நமக்கே சொல்லிக்கொண்டோம்: பச்சைப் பிள்ளைக்கு வலி என்ன தெரியும்? பெரிய மருத்துவர்களே அப்படி நம்பிய காலம் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலி மருந்தில்லாமல் அறுவை செய்தால் அந்தச் சின்ன உடல்கள் எப்படி அதிர்ந்துபோகின்றன என்பதை 1987இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த் அளந்து காட்டினார்.

கைக்குழந்தை என்றால், ஊசிக்கு முன்பே பால் கொடுக்கத் தொடங்கும்படி தாய்மார்களிடம் சொல்வேன். "குடிக்கறப்ப குத்துனா பாலையே வெறுத்துடாதா சிஸ்டர்?" என்பார்கள். முதலில் எனக்கும் அந்தப் பயம் இருந்தது. குழந்தை வாயை எடுத்து ஒருமுறை வீறிடும். பிறகு, கண்ணைத் திறக்காமலே, அதே மார்பைத் தேடும்.