இரண்டாவது பிரேக்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால், வீட்டில் முதலில் வருவது ‘இப்ப எதுக்கு?’ என்ற கேள்வி. அடுத்து வருவது, ‘நானே சொல்லித் தரேனே, எதுக்கு வெட்டிச் செலவு?’ என் வீட்டுக்காரர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

அவர் சொல்வதில் சட்டப்படி தவறில்லை. எல்.எல்.ஆர். எடுத்தவர், லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ மாட்டிச் சொந்தக் காரிலேயே பழகலாம். ஆனால் வண்டியை நிறுத்த வேண்டிய நொடியில் பக்கத்தில் இருப்பவரால் கத்தத்தான் முடியும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இரட்டைக் கட்டுப்பாடு இல்லாத வண்டியில் பள்ளி நடத்த விதியே இடம் தருவதில்லை. நாம் கட்டும் பணம் முதலில் அந்த இரண்டாவது பிரேக்குக்குத்தான். (கணவரிடம் கார் கற்று முடித்த பிறகும் அவரோடு பழையபடி பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் எனக்குத் தெரிந்து குறைவு. அது தனிக் கணக்கு.)

சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. திருவண்ணாமலையில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் கட்டணம் குறைவு. “பதினஞ்சு கிளாஸ் மேடம். லைசென்ஸ் எங்க பொறுப்பு, நீங்க கவலையே பட வேணாம்.”

“ஒரு கிளாஸ்ல என் கையில எவ்ளோ நேரம் சார் வண்டி இருக்கும்?”

“நாலு பேர் வருவாங்க, மாத்தி மாத்தி ஓட்டுவீங்க. அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்.”

அந்தப் ‘பாத்துக்கலாம்’தான் விலையே. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், சொந்த உபயோகக் கார் போன்ற வண்டிகளுக்கு 21 நாளுக்குக் குறையாத பயிற்சியும், அதில் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் கையில் வண்டியும் கேட்கின்றன. ஒரு பள்ளி 5,000 ரூபாய் கேட்கிறது, இன்னொன்று 8,000 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் நம் முறை தினமும் இருபது நிமிடம் என்றால் பதினைந்து கிளாஸுக்கு ஐந்து மணி நேரம். மணிக்கு 1,000 ரூபாய். இரண்டாவதில் முழுப் பத்து மணி நேரம் தந்தால் மணிக்கு 800. மலிவு எது? கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்தால்கூட எடை என்ன என்று கேட்கிற நாம், இங்கே மட்டும் ‘பேக்கேஜ் எவ்வளவு’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அந்தப் பேக்கேஜுக்குள் லைசென்ஸ் என்று ஒரு பெருந்தொகை ஒளிந்திருக்கும். மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200. மொத்தம் 700 ரூபாய், அதற்கு மேல் சிறு சேவைக் கட்டணங்கள் வரலாம். மீதி எதற்கு என்று கேட்டால் ‘ஆபீஸ் செலவு’ என்பார்கள். ஓட்டத் தெரிந்தவருக்கு என்ன ஆபீஸ் செலவு? ஓட்டத் தெரியாதவருக்கு லைசென்ஸ் கிடைத்துத்தான் என்ன?

பத்து மணி நேரமே போதாது என்பது என் அனுபவம். அரசும் அப்படித்தான் நினைக்கிறது போலும். 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் இலகு ரக வண்டிக்கு 29 மணி நேரம் கேட்கின்றன. அதில் 21 மணி நேரம் செய்முறை.

ஆனால் மணிக்கணக்கிலும் ஒரு ஏமாற்று உண்டு. சேர்ந்த முதல் வாரம் செங்கம் சாலையில் நான் பிரமாதமாக ஓட்டினேன். வண்டி ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. மாடு குறுக்கே வந்தாலும் அழகாக நின்றது. பிறகுதான் கவனித்தேன். கிளட்ச் மாஸ்டர் காலில், பிரேக்கும் அவர் காலில், கியரை மாற்றுவதும் அவர் கை. ஸ்டீயரிங் மட்டும் எனக்கு. “மாஸ்டர், காலை எடுங்க, ஆஃப் ஆனா ஆகட்டும்” என்றேன். எடுத்தார். அடுத்த நிமிடமே வண்டி குதித்து நின்றது, பின்னால் ஹாரன்கள். அன்றைக்குத்தான் என் பணம் வேலை செய்யத் தொடங்கியது.

இரண்டாவது பிரேக் காப்பாற்றும். அதுவே, நமக்குத் தெரிந்துவிட்டது என்று நம்பவும் வைக்கும். அப்பா காலில் ஒரு பிரேக், பிறகு கணவர் காலில் ஒரு பிரேக் என்று பாதி வயது ஓடிவிட்ட பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல பள்ளி என்பது காலை எடுக்க வேண்டிய நாள் அறிந்த பள்ளி. பணம் கொடுக்க வேண்டியது அந்த நாளுக்கு.

எங்கள் ஊரில் அதற்குக் கூடுதல் காரணம் இருக்கிறது. ரமணாசிரமம் இருக்கும் அதே செங்கம் சாலையில்தான் கிரிவலம் வருகிறவரும் நடக்கிறார், பெங்களூருக்குப் போகும் வண்டியும் போகிறது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் பாதையும் நடப்பவர்களுக்கே. எங்களுக்குக் கிளாஸ் கிடையாது. மற்ற நாட்களிலும் வெறுங்காலோடு, மலையைப் பார்த்தபடி, தன்னை மறந்து ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவர் ஒதுங்க மாட்டார், ஒதுங்க வேண்டியதும் இல்லை. ஹாரன் அடிக்காமல் இரண்டாவது கியரில் அவர் பின்னால் ஊர்ந்து போகப் பழகுவதே இங்கே பாதிப் பாடம். மறுபாதி, ஊர் எல்லை தாண்டியதும் காத்திருக்கிறது. 2023 அக்டோபரில் செங்கம் பக்கம் இதே பெங்களூர் சாலையில் அடுத்தடுத்து நடந்த இரண்டு விபத்துகளில் பதினான்கு பேர் இறந்தார்கள். 2022இல் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். மாட வீதியில் மட்டும் பழக்கிவிட்டு அனுப்பும் பள்ளியும், காலியான புறவழிச் சாலையில் மட்டும் பழக்கும் பள்ளியும் பாதிப் பாடத்துக்கு முழுப்பணம் வாங்குகின்றன.

நான் கடைசியில் சேர்ந்த பள்ளி கட்டணத்தில் குறைந்தது அல்ல. வேறு விசேஷமும் அதற்கு இல்லை. கார் பழையது, ஏசி இல்லை. மணிக்கணக்கைக் கேட்டதும் மறைக்காமல் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்த நோட்டுக்குச் சட்டத்தில் பெயர் உண்டு. படிவம் 15: ஒவ்வொரு மாணவரும் ஓட்டிய நேரத்தைப் பள்ளி எழுதி வைக்க வேண்டிய பதிவேடு. பள்ளியின் உரிமம் படிவம் 11. அது அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் பேரம் பேசிக்கொண்டிருக்காமல் அடுத்த பள்ளிக்கு நடையைக் கட்டுங்கள்.