காத்திருக்கிற கால்கள்



இந்த மாதம் என் சாட்சியை எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவுகிறார். இது என் சுகத்தின் சாட்சி. என் வெட்கத்தின் சாட்சியும்கூட.

2023 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தில் வண்டி வருகிற சத்தம் கேட்டு, படிகளில் ஓடி ஏறினேன். டப்பென்று ஒரு சத்தம்! யாரோ பின்னாலிருந்து குதிகாலில் கட்டையால் அடித்ததுபோல இருந்தது. "யாருப்பா அது?" என்று திரும்பினேன். ஒருவரும் இல்லை. பாதத்தை ஊன்ற முயன்றேன், பெலனில்லை.

டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். நல்ல காலில் பாதம் அசைந்தது; மற்றதில் அசையவில்லை. "குதிகால் நரம்பு அறுந்துடுச்சு" என்றார். நரம்பு என்று சொல்லுகிறோமே தவிர, அது கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டுகிற நாண். சரீரத்தின் நாண்களிலெல்லாம் மிகவும் பலத்தது அதுவே. ஆனாலும் எலும்புக்குச் சற்று மேலே அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது.

ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா? நார்வே நாட்டில் 526 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2022-ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு சாராரின் காலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் ஆபரேஷன் செய்யாதவர்களில் 100-க்கு 6 பேருக்கு மறுபடியும் அறுந்தது. செய்தவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஆபரேஷனிலோ, நரம்புக்குச் சேதம் வர வாய்ப்பு அதிகம். நான் ஆபரேஷன் வேண்டாமென்றேன். விரல்கள் கீழே பார்த்தபடி மாவுக்கட்டு. பிறகு பெரிய பூட்ஸ்.

ஏழாம் வாரம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். துதி உச்சத்தில் இருந்தது. ஒருவர் என் காதண்டை, "பிரதர், விசுவாசத்தோட கழட்டிப் போடுங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை. எல்லாருக்கும் முன்பாகச் சாட்சி சொல்ல வேண்டுமென்ற ஆசை ஏற்கெனவே எனக்குள்ளே இருந்தது. கழற்றினேன். மூன்றாம் முறை குதித்தபோது அதே சத்தம். தம்புரு நின்றுபோயிற்று.

ஆட்டோவில் என் மனைவி அழவில்லை. "கர்த்தர் சொன்னாரா, நீங்களா செஞ்சீங்களா?" என்று மாத்திரம் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

பிரியமானவர்களே, இந்த முறை ஆபரேஷன் தப்பவில்லை. படுக்கையில் வேதத்தைத் திறந்தேன். அலங்கார வாசலில் இருந்தவனுடைய கரடுகள் அந்த க்ஷணமே பெலன் கொண்டன. அதை நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன். ஆனால் பெத்சாயிதா குருடனை ஆண்டவர் இரண்டு தரம் தொட்டாரே! எசேக்கியாவுக்குச் சுகத்தின் வாக்குத்தத்தம் வந்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கட்டச் சொன்னாரே! யாக்கோபு ஆசீர்வாதத்தையும் பெற்றான், நொண்டியும் நடந்தான். உடனே சுகமாக்குகிறவரும் நாளடைவில் சுகமாக்குகிறவரும் ஒரே கர்த்தர்தான். எந்த வழி என்று தீர்மானிப்பது அவர். நானோ அவருக்குத் தேதி குறித்தேன்.

இரண்டாம் முறை காத்திருந்தேன். பூட்ஸுக்குள் குதிகாலடியில் வைத்த ஆப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்தார்கள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி. இரண்டு காலிலும் எழும்ப மூன்று மாதம். ஒற்றைக் காலில் ஒரே ஒரு தரம் எழும்ப ஏழு மாதம். அன்று சமையலறையிலேயே முழங்கால்படியிட்டேன்.

கிரிக்கெட் வீரர் முகமது ஷமி 2023 உலகக் கோப்பையில் 7 ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்தவர். 2024 பிப்ரவரியில் அவருக்கும் இதே நாணில் ஆபரேஷன். அவரே நவம்பரில்தான் ரஞ்சிப் போட்டிக்குத் திரும்பினார். அப்படியானால் நாம் எம்மாத்திரம்!

ஆகையால் அன்பாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன். ஜெபியுங்கள், வல்லமையாய் ஜெபியுங்கள். ஆனால் ஒருவருடைய கைத்தடியையும் பிடுங்காதிருங்கள். வியாதியஸ்தருக்காக ஜெபித்த பிறகு, "இன்னிக்குப் பயிற்சி செஞ்சீங்களா?" என்றும் கேளுங்கள். பெரியவர்களே, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளை நீங்களாய்க் கடையில் வாங்கிச் சாப்பிடாதிருங்கள். இந்த நாண் அறுந்துபோக அவை காரணமாகலாம், 60 வயதைத் தாண்டினவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று 2008-லேயே அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது.

இன்றைக்கு அதே நிலையத்தின் படிகளில் நிதானமாய் ஏறுகிறேன். என் கெண்டைக்கால் ஒன்று இன்னும் இளைத்தே இருக்கிறது. வண்டி போனால் போகட்டும், அடுத்தது வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லுகிறேன்.

காத்திருக்கிற உங்கள் கால்களையும் கர்த்தர் தாமே பெலப்படுத்துவாராக. ஆமென். அல்லேலூயா!