கேட்டதற்கு என்ன ஈடு?

இசை கேட்பது கூடுமா, கூடாதா என்று கேட்டால் மிம்பரில் ஏறிப் பேசவும் துண்டுப்பிரசுரம் அடிக்கவும் நம்மிடையே ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் இன்னொருவர் தன் சட்டைப்பையில் வைத்திருக்கும் பாட்டுக் கருவியை எடுத்துத் திறந்து கேட்பது கூடுமா என்று எவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. 2013ஆம் ஆண்டுவரை நானும் கேட்டதில்லை.

அப்போது நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தேன். எம்பி4 என்ற பெயரில் விற்கப்பட்ட சீனக் கருவிகள் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேர்ந்திருந்த காலம் அது. தீப்பெட்டியைவிடச் சற்றே நீளம். அதில் ஒரு சின்னத் திரை, நாலைந்து பொத்தான்கள், இரண்டு காதுக்கும் இரண்டு வயர். ஒரு பாட்டுக்கு ஏறத்தாழ நாலு எம்பி என்று வைத்தால் 2 ஜிபி கொள்ளளவில் நானூறு ஐந்நூறு பாட்டு அடங்கும். கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்தால் நிரப்பித் தருவார்கள். படம் பார்ப்பதானால் அதற்கென்ற சிறிய வடிவத்துக்குக் கணினியில் மாற்றிப் போட வேண்டும். அதையும் அவர்களே செய்து கொடுப்பார்கள். கைபேசி எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட பிறகு இப்படியொரு சாமான் இருந்ததே இளையவர்களுக்குத் தெரியாது. 2001இல் வெளிவந்து உலகத்தையே ஆட்டிவைத்த ஐபொட்டைக்கூட 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

படமும் பார்க்கலாம் என்பதுதான் ஆசிரியர்களாகிய எங்கள் வயிற்றில் புளியைக் கரைத்தது. மலசலகூடத்துக்குப் பின்னால் நாலைந்து தலைகள் ஒன்றாகக் குனிந்திருந்தால் அவை திருக்குறள் படிக்கக் குனிந்தவை அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். எனவே அத்தகைய கருவியைக் கண்டால் பறித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். அதில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஒருநாள் விஞ்ஞான அறையின் அலுமாரிக்குப் பின்னால் உள்ள பிளக்கில் ஒரு எம்பி4 தொங்கிக்கொண்டிருந்தது. மூடி உடைந்து, றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. உரியவன் ஒன்பதாந் தரத்து மாணவன். வாய் அதிகம் பேசாத தமிழ்ப் பிள்ளை. 'என்னடா இது?' என்றேன். தலையைக் குனிந்து நின்றான். 'நாளைக்கு வீட்டிலயிருந்து ஆரையாவது கூட்டிக்கொண்டு வா' என்று சொல்லிவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டேன். அதிபரின் மேசை இலாச்சியில் வைத்திருக்க வேண்டிய சாமான். வீட்டுக்குக் கொண்டுபோனேன். இராத்தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்த பிறகு, காதில் வயரை மாட்டினேன். ஏன் என்று கேட்டால், ஆபாசப் படம் இருக்கிறதா என்று பார்ப்பது என் கடமை என்று சொல்லியிருப்பேன். கடமை பாதி, ஆவல் பாதி. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஆபாசம் எதுவும் இல்லை. சினிமாப் பாட்டு ஏழெட்டு. அவற்றுக்குக் கீழே, கருவியே குரலைப் பதிந்து இலக்கம் போட்டு வைத்திருந்த ஒரு பதிவு. அதை அழுத்தினேன். ஒரு இளைஞனின் குரல். வாத்தியம் இல்லை, தகரத்திலோ பலகையிலோ விரலால் தட்டும் தாளம் மட்டும். பாடியது இயக்கப் பாட்டு. 1990க்கு முன்னர் எங்கள் ஊர்த் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டிப் போட்ட பாட்டுகளின் மெட்டு எனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்த வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலுக்கு என்னைப் போகவைத்தவர்களின் பாட்டு, என் ஊருக்கு நான் திரும்பி வந்த பிறகு, என் காதுக்குள்ளேயே ஒலித்தது. உடம்பு சூடாகியது. பிடுங்கி எறிய நினைத்த நேரத்தில் பாட்டு நின்று, ஒரு சின்னப் பிள்ளை கெக்கலித்துச் சிரிக்கும் சத்தம். 'அண்ணா, இன்னொருக்காப் பாடு' என்கிறது. தூரத்தில் ஒரு பெண்குரல் சாப்பிடக் கூப்பிடுகிறது. அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட இருக்கும்.

சின்னப் பிள்ளையின் குரல் யாருடையது என்று விளங்க நேரம் எடுக்கவில்லை.

2013இல் முல்லைத்தீவில் அப்படிப்பட்ட ஒரு பாட்டைக் கையில் வைத்திருப்பதன் பொருள் என்னவென்று அங்கே வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. சந்திக்குச் சந்தி இராணுவம் இருந்தது. அந்த இரவு அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு முழுவதும் என் மேசையில் கிடந்தது, அவர்களுக்குத் தெரியாமலே.

மறுநாள் தாய் வந்தார். 'சேர், அது இவன்ர பெரியண்ணேன்ர. பாட்டுக் கேக்கக் கொண்டு வரேல்ல. எங்கட வீட்ட கரண்ட் இல்லை. சார்ஜ் ஏத்தத்தான் கொண்டு வந்தவன்' என்றார். மகன் எங்கே என்று நான் கேட்கவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த மாவட்டத்தில் கேட்கக் கூடாத கேள்வி அது. கருவியைக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, 'சேர் கேட்டனீங்களோ?' என்றார்.

'இல்லை அம்மா' என்றேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவில் இசை கேட்பதைப் பற்றிய பாகம் பதினெட்டாவது. நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதைப் பற்றிய பாகம் பத்தொன்பதாவது. அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டில் நம்மவர்கள் விவாதத்துக்கு எடுப்பது பதினெட்டை மட்டுந்தான். இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதில்லை, இருப்பதையே கிளறிவிடுகிறது என்ற கருத்து அங்கே வருகிறது. என்னைப் பிடித்து உலுக்கியது பத்தொன்பதாவது. தீமையைத் தடுக்கக் கிளம்பும் மனிதன் எதைச் செய்யக் கூடாது என்று அதில் சொல்கிறார்கள்: நரம்பு வாத்தியத்தின் ஓசை கேட்கிறதா என்று பிறர் வீட்டுச் சுவரில் காது வைக்கக் கூடாது; மதுவின் வாடை வருகிறதா என்று மோப்பம் பிடிக்கக் கூடாது; ஒருவனின் ஆடைக்குள் இருப்பது குழலா என்று அறிய அவன் துணியைத் தடவிப் பார்க்கக் கூடாது; அயலவரிடம் துப்பு விசாரிக்கக் கூடாது. கஸ்ஸாலி அவர்கள் வபாத்தானது 1111இல். ஆடைக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் இசைக் கருவியைப் பற்றித் தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்னரே ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் ஆசிரியர் கலாசாலையில் வகுப்பறை ஒழுங்கைப் பற்றி எழுதிய ஒப்படைகளில் இந்த அளவு நுணுக்கம் இருந்ததில்லை.

இஹ்யாவில் உமர் (ரழி) அவர்களின் சம்பவமும் வருகிறது. மதீனாவில் இரவுக் காவல் போகும்போது ஒரு வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவரேறி உள்ளே இறங்குகிறார்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவன் கலீபாவிடமே கணக்குக் கேட்கிறான்: நான் செய்த பாவம் ஒன்று, நீங்கள் செய்தவை மூன்று. துருவிப் பார்த்தீர்கள், வாசலால் வராமல் சுவரால் வந்தீர்கள், ஸலாம் சொல்லாமல் நுழைந்தீர்கள். மூன்றையும் குர்ஆன் தடுத்திருக்கிறது. துருவுவதைத் தடுப்பது ஸூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. உமர் (ரழி) திரும்பிப் போகிறார்கள். நான் சுவரேறவில்லை. காதுக்குள் நுழையும் இரண்டு வயர்கள் போதுமாக இருந்தன.

தனியே கேட்பது என்ற பழக்கமே புதியது. சோனி நிறுவனம் 1979 ஜூலையில் முதல் வோக்மனை வெளியிட்டபோது அதில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துவாரங்கள் வைத்தது. இடையில் பேசுவதற்குச் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானும் இருந்தது. ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று அதன் தலைவர் அக்கியோ மொரிட்டா பயந்தாராம். சனங்கள் தனியே கேட்கவே விரும்பினார்கள். பின்னர் வந்தவற்றில் இரண்டாவது துவாரம் காணாமற்போனது. அன்றிலிருந்து ஒருவர் கேட்பது அவருடைய வீட்டின் உள்ளறை போலாகிவிட்டது. உள்ளறைக்கு உரிய ஒழுக்கத்தை மட்டும் நாம் அதற்குக் கொடுக்கவில்லை.

எங்கள் காலத்தில் ரேடியோ திண்ணையில் இருந்தது. நீராவிப்பிட்டியில் எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைப் பக்கத்து வளவு அண்ணையும் கேட்பார். அவருக்கு நாகூர் ஹனிபாவின் குரலில் தனிப் பிரியம். வெளியேறும்போது வாப்பா அந்த ரேடியோவை அவர் கையில் கொடுத்து, 'வந்து எடுக்கிறன்' என்றார். அமானிதம். சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு, 2002இல் ஏ9 பாதை திறந்ததும் வாப்பாவும் நானும் ஊர் பார்க்கப் போனோம். அண்ணை உள்ளே போய் ரேடியோவை எடுத்து வந்து வைத்துவிட்டு, குற்றவாளியைப் போல நின்றார். 'நானா, நான் இதைப் பாவிச்சுப்போட்டன்' என்றார். பொருளாதாரத் தடையில் பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டிருக்கிறார். சுற்றுவதற்கு ஒரு பிள்ளை, கேட்பதற்குப் பத்து வீடு. வாப்பா சிரித்தார். 'பாவிச்சதாலதான் உசிரோட இருக்கு' என்று சொல்லி அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். இறுதி யுத்தத்தில் அவர்கள் இடம்பெயர்ந்தபோது எந்த இடத்தில் அது கைவிடப்பட்டது என்று அவர்களுக்கே தெரியாது.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அவர் அனுமதியின்றிப் பாவித்தால் அதற்கு ஈடு செய்யும் பொறுப்பு வந்துவிடும் என்பது நமது மத்ஹபின் சட்டம். ரேடியோ தேய்ந்தால் தேய்மானத்தைக் கணக்கிடலாம், உடைந்தால் விலையைக் கொடுக்கலாம், வாப்பாவைப் போல ஹலாலாக்கியும் விடலாம். நான் பறித்து வைத்திருந்த எம்பி4உம் என் கையில் அமானிதந்தான். ஒரு கீறலும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் கேட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தாயிடம் போய் ஹலாலாக்கச் சொல்வதென்றால், கேட்டேன் என்று முதலில் சொல்ல வேண்டும். சொன்னால் அவருக்குத் தூக்கம் போய்விடும். தீங்கைத் தவிர்க்கச் சொல்லும் பொய்யைப் பற்றி இஹ்யாவில் இடமிருக்கிறது என்று தெரியும். நான் சொன்ன பொய் அவரைக் காப்பாற்றவா, என் மரியாதையைக் காப்பாற்றவா என்பதுதான் தெரியவில்லை.

இதை ஒரு மௌலவி நண்பரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். 'பையில கத்தி இருந்தா என்ன செய்வீங்க சேர்? பிள்ளைக்கு நீங்க பொறுப்பாளி, அயலான் இல்ல' என்றார். நியாயமான மறுப்பு. ஓர் உயிர் போகப்போகிறது என்று நம்பகமானவர் சொன்னால் துருவிப் பார்க்கலாம் என்று இமாம் மாவர்தி அவர்களும் விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். கத்தியானால் பார்ப்பேன். சந்தேகம் என்ற பெயரில் என் ஆவலையும் அந்த விதிவிலக்குக்குள் நுழைப்பதற்குத்தான் எனக்கு உரிமையில்லை. பிள்ளைக்கு உள்ளறை இல்லை என்று அவர் நினைக்கிறார். அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே உள்ளறை அந்தத் தீப்பெட்டி அளவு சாமான் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஏதாவது பறித்தால், பிள்ளையின் முன்னாலேயே கடதாசியில் சுற்றி ஒட்டி, அவனையே குறுக்கே கையெழுத்துப் போடச் சொல்லி, அன்றைக்கே பெற்றோரிடம் கொடுத்துவிடுவேன். சக ஆசிரியர்கள் அதைத் தபால்கந்தோர் என்று பகிடி பண்ணினார்கள்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் முறை வந்தது. வீடுவீடாகச் சோதனை. என்னிடமும் ஒரு சின்ன எம்பி3 இருந்தது. ஸுபஹுக்குப் பிறகு நடக்கும்போது ஓதல் கேட்பேன். ஷெய்க் ஹுஸரியுடைய ஓதல். 1961இல் கெய்ரோவில் முழுக் குர்ஆனையும் முதன்முதல் ஒலிப்பதிவில் தந்தவர் அவர். கூடவே சில பயான்கள், நோன்பையும் வியாபார ஒழுக்கத்தையும் பற்றி. மனைவி சொன்னாள்: 'அரபு தெரியாத ஆள் காதில வச்சா எது குர்ஆன், எது வேற எதுவென்று எப்படித் தெரியும்? எல்லாத்தையும் அழியுங்க.' அழித்தேன். ஓதலையும் சேர்த்துத்தான். அடுத்த வருடம் மே மாதம், மன்னார் மண்ணில் பிறந்து ஆசிரியராகப் பணிபுரிந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதை நூலுக்காகக் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை, 2023 டிசம்பரில்தான் விடுதலை. எழுதியதைப் படிக்கத் தெரியாதவர்கள் படித்தால் நடப்பது அது. பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்த அந்த இரவில் எனக்கு ஞாபகம் வந்தது றப்பர் பட்டி போட்ட அந்தக் கருவிதான். அவர்கள் அழிக்கவில்லை. மெனிக்பாம் முகாமின் சோதனைகளையெல்லாம் தாண்டி எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை நினைக்க, என் பயம் எனக்கே சிறிதாகத் தெரிந்தது.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 மார்ச்சில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் கொட்டில் முல்லைத்தீவில் இருந்தது. ஒருநாள் அவ்வழியாகப் போகும்போது அந்தத் தாயைக் கண்டேன். மடியில் சட்டம் போட்ட படம். 'சேர், சுகமா இருக்கிறியளோ?' என்று எழும்பி வந்தார். சின்னவன் கொழும்பில் வேலையாம். படத்தைத் துடைத்து என் பக்கம் திருப்பினார். 'இவன்தான் மூத்தவன், நீங்கள் பார்த்திருக்க மாட்டியள்' என்றார்.

'நல்லாப் பாடுவான் சேர்' என்றார்.

'அப்படியா அம்மா' என்றேன்.