லாமும் அலிஃபும் ஊமையானபோது

ராயபுரத்தில் நாம் பாடம் நடத்தும் மத்ரஸாவில் அரபு எழுத்துகள் பொறித்த கணினி விசைப்பலகை ஒன்று உண்டு. ஜித்தாவில் நெடுங்காலம் உழைத்துத் திரும்பிய அன்பர் ஒருவர், பிள்ளைகள் கணினியில் அரபு எழுதப் பழகட்டும் என்று வக்ஃபாகத் தந்தது. அவர் இன்று நம்மிடையே இல்லை. சென்ற மழைக்காலத்தில் அதில் லாமும் அலிஃபும் ஊமையாயின. இவ்விரண்டும் இன்றி அல்லாஹ்வின் திருநாமத்தையே எழுத இயலாதே!

ரிச்சித் தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஆங்கில விசைப்பலகை வாங்கி, அரபு எழுத்துச் சீட்டுகளை ஒட்டிவிடலாம் என்றார் நிர்வாகி ஒருவர். உண்மையைச் சொன்னால், நாமும் அவர் பக்கமே சாய்ந்தோம். நம்மிடம் முன்பு ஓதிய ஓர் இளைஞர், மின்னணுப் பழுது பார்ப்பவர், குறுக்கிட்டார்.

விசை எழுத்தை அனுப்புவதில்லையாம். தான் இருக்கும் இடத்தின் எண்ணை மட்டுமே அனுப்புகிறதாம். எந்த மொழி, எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினி. ஆங்கிலத்தின் 'ஜி'யே அரபில் லாம், 'எச்' அலிஃப், 'பி'யோ லாமையும் அலிஃபையும் சேர்த்தே தந்துவிடும்! நிர்வாகி இதைப் பற்றிக்கொண்டார்: "எழுத்து பலகையில் இல்லையென்றால், ஹாஜியாரின் தர்மமும் இந்தப் பிளாஸ்டிக்கில் இல்லையே, ஹஜ்ரத்?"

எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. வக்ஃபில் பொருள் நிலைத்திருக்க, பயனே நுகரப்படவேண்டும். பயனற்றுப்போன வக்ஃபை மாற்றிக்கொள்ள ஹனஃபி மத்ஹபு நிபந்தனைகளோடு இடம் தருகிறது. ஷாஃபிஈ மத்ஹபு இதில் மிகக் கண்டிப்பானது. ஆனால் பயன் அற்றுவிட்டதா என்பதைக் கிதாபு சொல்லாது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பாராமலே "செத்துவிட்டது" என்று தீர்ப்பளிக்க முனைந்தோமே, அதுதான் நம்மை உறுத்திற்று.

எறிந்தால் எங்கே போகும்? காயலான் கடைக்கு, அங்கிருந்து, செம்புக்காகக் கம்பியை எரிப்போர் கைக்கு. கணினியின் இத்தகைய துணைக்கருவிகளும் மின்னணுக் கழிவே என்கின்றன, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகள். விதி இருக்கட்டும், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையை அறிந்த வடசென்னைவாசிகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? புதியதன் மலிவில் அப்புகையைச் சுவாசிப்பவரின் பங்கு கணக்கிடப்படுவதில்லை.

இளைஞர் திறந்து காட்டினார். ரப்பர்க் குமிழ்களின் கீழே இரண்டு மெல்லிய தாள்கள்; அவற்றில் வெள்ளி கலந்த மையால் அச்சிட்ட கோடுகள். ஈரமும் உப்புக்காற்றும் ஒரு கோட்டை அரித்திருந்தன. ஒரு கோடு அறுந்தால் அதனைச் சார்ந்த எழுத்துகள் யாவும் ஒருசேர வாய்மூடிவிடும். மின்கடத்தும் மையை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தார். கூலி பெற மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தோம்.

லாம் உடனே பேசிற்று. அலிஃபை இன்னும் சற்று அழுத்தித் தட்டவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள். மறுபடியும் ஊமையாகி, திறந்து பார்த்தும் பலிக்காவிட்டால், ரிச்சித் தெருவுக்குச் செல்ல நிர்வாகியிடம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.