கோப்பு பழுதானால் நூல் பழுதாகுமா?

பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும் ஒரு பதிக நூலைப் பதிவிறக்கி அச்சடிக்க முனைபவருக்குத் தொல்லை மூன்று இடங்களில் வரும். கோப்பு முழுதாக வந்து சேராமல் திறக்க மறுக்கலாம். திறந்தபின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்களோ ரோமன் எழுத்துச் சிதறலோ தெரியலாம். திரையில் செம்மையாகத் தெரிந்தது தாளில் ஓரம் வெட்டுப்பட்டு வரலாம், வராமலே போகலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு. ஏனெனில் மூன்றிலும் கெடுவது வேறு வேறு பொருள். கெட்டது எது என்று தேடத் தொடங்கியதுமே பழைய கேள்வி ஒன்று எதிரே நிற்கிறது: நூல் எங்கே இருக்கிறது? கோப்பிலா, எழுத்தின் வடிவிலா, தாளிலா, இவை எதிலும் அடங்காத சொல்லிலா?

இந்தக் கேள்வியை இந்தியத் தத்துவ மரபுகள் இரண்டைச் சேர்ந்த மீமாம்சகரும் நையாயிகரும் ஒலியை வைத்து நெடுங்காலம் வாதிட்டார்கள். ஜைமினியின் மீமாம்சா சூத்திரம் முதல் அத்தியாயத்திலேயே சொல் நித்தியம் என்று நிறுவ முயல்கிறது. வாய் திறந்ததும் ஒலி பிறக்கிறது, மூடியதும் மறைகிறது. பிறந்து மறைவது எப்படி நித்தியமாகும் என்பது எதிர்த்தரப்பின் தடை. பேசுபவரின் முயற்சி சொல்லைப் பிறப்பிப்பதில்லை, முன்பே உள்ள சொல்லை வெளிப்படுத்துகிறது என்பது ஜைமினியின் விடை. உரையாசிரியர் சபரர் இதற்குக் காட்டும் சான்று அன்றாடப் பேச்சிலிருந்து வருவது. பசு என்ற சொல்லை ஒருவர் எட்டு முறை சொன்னால், அச்சொல் எட்டு முறை சொல்லப்பட்டது என்றுதான் உலகம் பேசும். எட்டுச் சொற்கள் உண்டாயின என்று பேசாது. கௌதமரின் நியாய சூத்திரம் இதை ஏற்கவில்லை. சொல்லுக்குத் தொடக்கம் உண்டு. அது புலனுக்கு எட்டுகிறது. செய்யப்பட்ட பொருளைப் போலவே உலகில் கையாளப்படுகிறது. ஆகவே அது உண்டாகி அழிவது. ஒவ்வோர் உச்சரிப்பும் தனித்தனி, ஓர் இனத்தைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

சபரரின் சான்று அச்சுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஒரு பதிகத்தை எட்டுப் பிரதி எடுத்தவர், தம்மிடம் எட்டுப் பதிகம் இருப்பதாகச் சொல்ல மாட்டார். ஆனால் ஐந்தாம் பிரதியில் மை மங்கி ஓர் அடி தெரியாமல் போனால், குறை அந்தத் தாளுக்கு உரியது என்பதில் அவருக்கு ஐயமே இராது. முன்னது மீமாம்சகரின் பார்வை, பின்னது நையாயிகரின் பார்வை. கோப்பில் பழுது பார்ப்பவர் இந்த இரண்டையும் ஒருங்கே கைக்கொள்கிறார் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

முதல் தொல்லை, அரைகுறைப் பதிவிறக்கம். பி.டி.எஃப். கோப்பில் எந்தப் பக்கம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று காட்டும் அட்டவணை பொதுவாகக் கோப்பின் கடைசியில் இருக்கும். வாசிப்புச் செயலி வாலிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறது. இணைப்பு நடுவில் அறுந்து வால் வராமல் போனால், நூற்றில் தொண்ணூறு பங்கு வந்திருந்தும் கோப்பு திறக்காது. தளத்தில் காட்டிய அளவும் கணினியில் இறங்கிய அளவும் ஒன்றுதானா என்று பார்ப்பது முதல் சோதனை. சில கிலோபைட் மட்டுமே இருக்கிறதென்றால் வந்தது நூலே இல்லை. 'பக்கம் கிடைக்கவில்லை' என்று தளம் சொன்ன பதில், நூலின் பெயரைச் சூடிக்கொண்டு சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை நோட்பேடில் திறந்தால் உண்மை தெரிந்துவிடும். முறையான கோப்பு சதவீதக் குறியும் பி.டி.எஃப். என்ற மூன்று ரோமன் எழுத்துகளுமாகத் தொடங்கும். பழையதை நீக்கிவிட்டு மீண்டும் பதிவிறக்குவதும், பிரவுசருக்குள்ளேயே திறக்காமல் வட்டில் சேமித்துத் தனிச் செயலியில் திறப்பதும் பெரும்பாலும் போதும்.

அரைகுறையாக வந்ததை அரைகுறை என்று எப்படி அறிவது? வைணவ குருபரம்பரை மரபு நாதமுனிகளைப் பற்றிச் சொல்லும் செய்தி இதற்கு நேரே வந்து நிற்கிறது. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த சிலர் குடந்தைப் பெருமாளைப் பற்றிய நம்மாழ்வாரின் பத்துப் பாசுரங்களைப் பாடினார்கள். அந்தப் பத்தின் நிறைவுப் பாசுரம், இவை ஓராயிரத்துள் ஒரு பத்து என்று தன்னைத் தானே குறித்திருந்தது. மீதி எங்கே என்று நாதமுனிகள் கேட்டார், பாடியவர்களுக்குத் தெரியவில்லை. அவர் குருகூருக்குப் போய், மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை ஓதி, ஆழ்வாரிடமிருந்தே நாலாயிரம் பாசுரங்களையும் பெற்றார் என்பது மரபு. நூல் தன் அளவைத் தன்னுள்ளேயே சொல்லியிருந்ததால்தான் குறை வெளிப்பட்டது. திருவாய்மொழியின் 1102 பாசுரங்களும் அந்தாதியாகத் தொடுக்கப்பட்டவை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கம் என்பதால், இடையில் ஒரு பாசுரம் விழுந்தால் தொடை அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அளவு சரியாக இருந்தும் உள்ளே ஏதேனும் மாறியிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இன்றைய கணினித் துறையில் ஹாஷ் என்ற முறை உண்டு. ஷா-256 என்ற கணக்கு, எவ்வளவு பெரிய கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஒரு சுருக்கமாக்கிவிடும். ஒரு பிட் மாறினாலும் சுருக்கம் அடையாளமே தெரியாதபடி மாறும். வெளியிட்டவர் தந்த சுருக்கமும் பெற்றவர் கணித்த சுருக்கமும் ஒத்தால் கோப்பு பிறழவில்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்தச் சுருக்கத்தை எதைக் கொண்டு நம்புவது? கோப்பு இருந்த தளத்திலேயே அதுவும் இருந்தால், கோப்பை மாற்றியவர் அதையும் மாற்றியிருக்க முடியும். அறிவின் மெய்ம்மைக்குப் புறச்சான்று வேண்டும் என்று நையாயிகர் சொன்னபோது மீமாம்சகரான குமாரில பட்டர் தரப்பு எழுப்பிய தடையும் இதுவே. அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று, அதற்கும் ஒன்று என்று போனால் முடிவே இராது. எனவே அறிவு தோன்றும்போதே மெய்யெனக் கொள்ளத்தக்கது, அதைத் தள்ளும் வேறோர் அறிவு வரும்வரை அது நிற்கும் என்றார் குமாரிலர். பதிவிறக்குபவர்களில் மிகப் பலர் தம்மை அறியாமல் குமாரிலர் வழியில்தான் நடக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுக்கு அது போதும். ஓதுவதற்கும் பதிப்பிப்பதற்கும் போதாது.

போதாது என்பதை மீமாம்சகர் சார்ந்த வேத மரபே நடைமுறையில் காட்டியிருக்கிறது. வேதச் சொல் அழியாதது என்று எவர்கள் உறுதியாக நம்பினார்களோ, அவர்களே பதம், கிரமம், ஜடை, கனம் என்று ஓதுமுறைகளை வகுத்துக் காத்தார்கள். ஜடையில் முதல் சொல், இரண்டாம் சொல், பின் இரண்டு, ஒன்று, மறுபடி ஒன்று, இரண்டு என்று முன்னும் பின்னுமாக ஓதுவார்கள். ஒரு சொல் இடம் பெயர்ந்தாலும் இந்த அடுக்கு இடறும். சொல் நித்தியமானாலும் அதை வெளிப்படுத்தும் கருவி பிழைபடும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். நித்தியத்தில் நம்பிக்கை வைத்தவர்கள் சோதனையைத் தளர்த்தவில்லை, இறுக்கினார்கள். இந்த வாதம் முழுவதிலும் மிகப் பெரிய பாடம் இதுதான் என்று கொள்ள இடமுண்டு.

இரண்டாம் தொல்லையான எழுத்துக் கேடு தமிழ்க் கோப்புகளில் மிகுதி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் டாப், டாம், டிஸ்கி எனப் பல குறியாக்கங்கள் புழங்கின. அவை மேல்நாட்டு எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக்கொண்டவை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தன. உரிய எழுத்துரு கோப்புக்குள் பொதியப்படாமலும் கணினியில் நிறுவப்படாமலும் இருந்தால், செயலி கைக்குக் கிடைத்த வேறோர் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். தேவாரம் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும். வாசிப்புச் செயலியில் கோப்பின் பண்புகள் என்ற பகுதிக்குப் போய் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொன்றும் உட்பொதியப்பட்டதா இல்லையா என்று எழுதியிருக்கும். பொதியப்படவில்லையென்றால் அந்த எழுத்துருவைத் தேடி நிறுவுவது ஒரு வழி, யூனிகோடில் அமைந்த பதிப்பைத் தேடுவது அதைவிட நல்ல வழி. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பலவும் முதலில் டிஸ்கியில் வந்து பின்னர் யூனிகோடுக்கு மாறியவை. திரையில் சரியாக இருந்து தாளில் மட்டும் எழுத்து சிதைந்தால், அச்சு உரையாடல் பெட்டியின் மேம்பட்ட பகுதியில் 'படமாக அச்சிடு' என்பதைத் தெரிவு செய்யலாம். கணினியே பக்கத்தைப் படமாக்கி அனுப்பிவிடுவதால், எழுத்துருவைப் புரிந்துகொள்ளும் வேலை அச்சுப்பொறிக்கு இல்லாமல் போகிறது.

இதற்கு நேர்மாறான கேடு ஒன்று உண்டு; அது கண்ணுக்குத் தெரியாது. அச்சு அழகாக வரும், திரையிலும் குறை இராது. ஆனால் கோப்புக்குள் 'கோயில்' என்று தேடினால் கிடைக்காது. யூனிகோடு முறைப்படி 'கோ' என்பதில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படும். பி.டி.எஃப். கோப்போ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று வடிவங்களை வரைந்து வைத்திருக்கும். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் உள்ளட்டவணை இல்லாமலோ பிழையாகவோ இருந்தால், ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறமாகச் சிதறி விழும்.

ஆக, சொல் காக்கப்பட்டு வடிவம் கெட்ட கோப்பும் உண்டு. வடிவம் காக்கப்பட்டுச் சொல் கெட்ட கோப்பும் உண்டு. ஓதுபவருக்கு முதலாவது பெருங்கேடு, கையில் தாள் வேண்டிய நேரத்தில் அது உதவாது. ஆனால் நூலின் நெடுவாழ்வுக்கு இரண்டாவதே பெரிய ஆபத்து. முதல் வகையில் உரிய எழுத்துரு கிடைத்த மாத்திரத்தில் நூல் முழுதாக மீள்கிறது. மீமாம்சகர் சொன்ன வெளிப்பாடு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. இரண்டாம் வகையில் நூலைப் படிக்கத் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்து மறுபடி எழுத்தாக்க வேண்டியிருக்கிறது. ஓலைச்சுவடியிலிருந்து அச்சேற்றியோர் நிலையும் இதுவே: சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகாரக் குறிலும் நெடிலும் வடிவத்தால் வேறுபடவில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் போன்றோர் யாப்பையும் பொருளையும் பல சுவடிகளையும் வைத்தே இன்ன சொல் என்று முடிவு செய்தார்கள். வடிவம் எதிரே இருந்தும் சொல் தானாக வந்துவிடவில்லை. அறிந்த மனம் ஒன்று இடையில் தேவைப்பட்டது.

மூன்றாம் தொல்லை, தாளோடு நிற்பது. அச்சு வரிசையில் முந்தைய வேலை சிக்கியிருந்தால் அதை நீக்கிவிட்டுக் கணினியையும் அச்சுப்பொறியையும் அணைத்துப் போடலாம். அமெரிக்க லெட்டர் அளவில் அமைந்த பக்கம் ஏ4 தாளைவிட ஆறு மில்லிமீட்டர் அகலம் கூடியது. 'தாளுக்குப் பொருத்து' என்று தெரிவு செய்தால் ஓரம் வெட்டுப்படாது. அச்சிடும் கட்டளையே மங்கித் தெரிந்தால், வெளியிட்டவர் அனுமதியைப் பூட்டியிருக்கிறார். அவரிடம் கேட்டுப் பெறுவதே முறை. இங்கே கெடுவதெல்லாம் நியாய மரபு சொன்ன தனிப்பொருள்தான், நூலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

எல்லாப் பிரதியும் அழிந்துவிட்டால் என்ன என்ற கேள்வி மட்டும் இந்த வகைகளுக்குள் அடங்காமல் நிற்கிறது. தில்லையில் பூட்டிய அறையைத் திறந்தபோது தேவார ஏடுகளைச் செல் அரித்திருந்ததும், இக்காலத்துக்கு வேண்டியவை எஞ்சின என்று அசரீரி எழுந்ததும் திருமுறைகண்ட புராணம் சொல்லும் செய்தி. எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார். அழிந்த பதிகங்கள் எங்கோ நித்தியமாக உள்ளன என்று மீமாம்சகர் வழியில் சொல்ல முடியும். ஆனால் அவற்றை ஓத முடியாது. நித்தியம் என்ற கொள்கை நூலின் தன்மையைச் சொல்கிறது. அதைக் கைக்குத் தருவதில்லை. தருவதற்கு ஏடோ கோப்போ மனப்பாடமோ ஏதாவது ஒன்று வேண்டும்.

2005-இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த பி.டி.எஃப்./ஏ என்ற காப்பக வகை, எழுத்துருக்களைக் கோப்புக்குள்ளேயே பொதிய வேண்டும் என்று கட்டாயமாக்கியது இந்தத் தேவை கருதித்தான். அதன் அடிப்படை நிலை வடிவத்தை மட்டுமே காக்கும். எழுத்தையும் சேர்த்துக் காக்க அதனினும் கடுமையான நிலைகள் உண்டு. சமய நூல்களை வெளியிடுவோர் அந்த வகைக் கோப்போடு யூனிகோடு உரையையும் தனியே தருவது நலம். வெளியிடும் முன் கொம்பும் காலும் மிகுந்த ஒரு வரியை நகலெடுத்து வேறு செயலியில் ஒட்டிப் பார்த்தால், உள்ளே இருப்பது சொல்லா வெறும் உருவமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.