கேட்போர் நிலையும் இசைத் தீர்ப்பின் பொறுப்பும்: கானல்வரியை முன்வைத்து

திருக்குறளில் குழலோசை இருவேறு பயன்களோடு இடம்பெறுகிறது. மக்கட்பேற்றைக் கூறும் அதிகாரத்தில் (66) அது இனிமையின் அளவுகோல். மழலைச் சொல்லின் உயர்வைக் காட்ட வள்ளுவர் குழலையும் யாழையுமே ஒப்பாகக் கொள்கிறார். பொழுதுகண்டு இரங்கும் தலைவிக்கோ (1228) ஆயனின் குழல் கொலைக்கருவியாகிவிடுகிறது. ஆயன் மாலைதோறும் ஊதுவதையே அன்றும் ஊதினான். கேட்டவள் பிரிவில் இருந்தாள். கேட்பவரின் நிலையே இசையின் பயனை இவ்வளவு தூரம் உறுதிசெய்யுமாயின், இசையைக் கேட்டு ஒருவர் வழங்கும் தீர்ப்புக்கு அவர் எந்த அளவிற்குப் பொறுப்பாவார் என்னும் வினா எழுகிறது. சுவை பற்றிய வினாவாகத் தோன்றினும் இஃது அறம் பற்றிய வினாவுமாகும்.

சங்க இலக்கியம் இதன் மறுதலையையே மிகுதியாகப் பேசுகிறது என்பதையும் இங்குச் சுட்டவேண்டும். தினைப்புனங் காப்பவள் குறிஞ்சிப்பண் பாட, கதிரை உண்ண வந்த களிறு உண்ணாமலும் பெயராமலும் நின்று உறங்கிவிடுகிறது (அகநானூறு 102). பாலைப்பண் கேட்ட ஆறலை கள்வர் படைக்கலத்தைக் கைவிடுகின்றனர் (பொருநராற்றுப்படை). புண்பட்ட வீரனைக் காக்க மனையில் காஞ்சிப்பண் பாடப்படுகிறது (புறநானூறு 281). இவற்றில் இசை கேட்போரின் நிலையை மாற்றுகிறது. எனினும் நிலை இசையை மாற்றும் என்பதையும் அப்புலவர்கள் அறிந்திருந்தனர். நள்ளியின் கொடையில் திளைத்த பாணர், காலைக்குரிய மருதத்தை மாலையிலும் மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் இசைக்கத் தொடங்கினர் என்று வன்பரணர் பாடுவது (புறநானூறு 149) புகழ்ச்சியாயினும் கூர்மையான உளநோக்கு உடையது. வயிறு நிறைந்தபோது பொழுதின் முறை மறந்துபோயிற்று.

மூளையியல் காட்டுவது

அண்மைக்கால மூளையியல் ஆய்வுகள் இவ்வினாவைப் புதிய கூர்மையுடன் முன்வைத்துள்ளன. 2001ஆம் ஆண்டு மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆன் பிளட், ராபர்ட் சட்டோரே ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், தமக்கு மெய்சிலிர்ப்பு உண்டாக்கும் இசையைப் பங்கேற்பாளரே தேர்ந்து தந்தனர். ஒருவர் தேர்ந்த இசையே மற்றொருவருக்குச் சிலிர்ப்பு உண்டாக்காத ஒப்பீட்டு இசையாகப் பயன்படுத்தப்பட்டது. ஒருவரின் மூளையில் உணவு முதலிய அடிப்படை இன்பங்களோடு தொடர்புடைய பகுதிகளில் குருதியோட்டத்தை மிகுவித்த அதே ஒலி, அடுத்தவருக்கு வெறும் ஒலியாக நின்றது. ஆய்வு முறையின் ஒரு சிறு ஏற்பாடாகவே இது செய்யப்பட்டது என்றாலும், மெய்யியல் நோக்கில் அவ்வாய்வின் சிறந்த பகுதி அதுவே எனலாம்.

2019ஆம் ஆண்டு லாரா ஃபெரேரியும் பிறரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி முன்செல்கிறது. டோபமின் என்னும் வேதிப்பொருளின் செயலை மிகுவிக்கும் லெவோடோபா, அதனைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், மருந்தில்லா வெற்று மாத்திரை ஆகிய மூன்றும் 27 பேருக்கு வெவ்வேறு நாள்களில் தரப்பட்டன. முதலாவதை உண்டபோது இசையின்பம் கூடியது. இரண்டாவதை உண்டபோது குறைந்தது. அவ்விசைக்காக அவர்கள் செலவிட முன்வந்த பணமும் அவ்வாறே கூடியும் குறைந்தும் அமைந்தது. விலை மதிப்பீடு என்பது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பை ஒரு மாத்திரை நகர்த்திவிட்டது.

இவற்றினும் வியப்பூட்டுவது, 2014ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் பதிவுசெய்த ஒரு நோயாளியின் வரலாறாகும். நெடுங்காலம் எண்ணச் சுழற்சி நோயால் துன்புற்ற அவருக்கு, மூளையின் ஆழத்தில் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்னும் பகுதியில் மின்தூண்டல் அளிக்கும் கருவி பொருத்தப்பட்டது. நோய் தணிந்தது. சில மாதங்களுக்குப் பின் வானொலியில் தற்செயலாகக் கேட்ட அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் குரலில் அவர் தம்மை இழந்தார். பிற இசையை நாடுவதையே விட்டுவிட்டார். கருவியின் மின்கலம் தீரும்போதெல்லாம் அவ்விருப்பம் நீங்கிப் பழைய விருப்பங்கள் திரும்பின. இவ்விரண்டனுள் எது அவருடைய மெய்யான சுவை என்று வினவத் தோன்றும். ஆனால் பழைய விருப்பமும் மூளையின் ஒரு நிலையைச் சார்ந்தே நின்றது. அதனை அணைத்துக் காட்ட ஒரு பொத்தான் இல்லை என்பதே வேறுபாடு. தூண்டல் வெளியிலிருந்து வந்தது என்பார்க்கு, ஆசானிடம் பத்தாண்டுகள் பயின்ற காதும் வெளியிலிருந்தே உருவாக்கப்பட்டது என விடை கூறலாம்.

இதனால் ஒரு பழைய வசை வலுவிழக்கிறது. இலக்கியமும் இசையும் கலையும் அறியாதவன் வாலும் கொம்பும் அற்ற விலங்கு என்னும் கருத்து, பர்த்ருஹரியின் நீதிசதகத்தின் வழியாக இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவியது. பிற இன்பங்களில் குறைவின்றி, செவித்திறனும் பழுதின்றி, இசையில் மட்டும் இன்பமே காணாதோர் உளர் என்பதைப் பார்சலோனா ஆய்வாளர்கள் 2014இல் நிறுவினர். பணம் பெறும் வாய்ப்பு அவர்களுடைய உடலில் கிளர்ச்சி உண்டாக்கியது, இசை உண்டாக்கவில்லை. இத்தகையோரை நெஞ்சமற்றவர் எனல் அறமன்று. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று எள்ளும்போதும் இதனை நினைத்துக்கொள்வது தகும்.

அபிநவகுப்தரின் தடைகள்

கேட்போரின் சொந்த நிலை சுவைக்கு இடையூறாகும் என்பதைக் காசுமீர அறிஞர் அபிநவகுப்தர் (10-11ஆம் நூற்றாண்டு) நாட்டிய சாத்திர உரையில் விரித்துரைத்துள்ளார். சுவையைத் தடுக்கும் ஏழனுள் ஒன்று, தன் இன்ப துன்பங்களால் ஆட்கொள்ளப்பட்டிருத்தல். வீட்டுக் கவலையோடு அரங்கில் அமர்ந்தவன் நாடகத்தைக் காண்பதில்லை, தன்னையே காண்கிறான். இதற்கு அவர் கூறும் மருந்துகளுள் இசையும் ஒன்று. பாடலும் கருவியிசையும் அரங்க அழகும் நெஞ்சைத் தெளிவித்து, சுவையுணர்வு இல்லாதவனையும் ஒத்த நெஞ்சினனாக்கும் என்பது அவர் துணிபு.

இக்கொள்கையின் ஆழம் மறுக்கற்பாலதன்று. எனினும் அது அரங்கை நம்பி நிற்பது. மேடையில் இருப்பவன் இராமன். காண்போன் இராமன் அல்லன். இவ்விடைவெளியே மருந்தை வேலை செய்ய விடுகிறது. பாடுவோரும் கேட்போரும் காதலராக, அருகருகே அமர்ந்திருக்கும் இடத்தில் என்ன நிகழும்? அதற்கான விடையைச் சிலப்பதிகாரம் தருகிறது.

கடற்கரையில் இரு கேட்போர்

புகாரின் கடற்கரையில் நிகழ்வதைக் கோவலனின் தவறான கேட்டல் என்று மட்டும் சுருக்கிக் கூறுவது வழக்கம். காப்பியமோ இருவரின் கேட்டலைக் காட்டுகிறது. முதலில் பாடுபவன் கோவலன். கேட்ட மாதவி அவன் உள்ளத்தில் வேறொரு குறிப்பு உண்டெனக் கொள்கிறாள். ஊடலோடு, மகிழ்ந்தவள் போல யாழை வாங்கித் தானும் ஒரு குறிப்புடையவள் போலப் பாடுகிறாள். அதனைக் கேட்ட கோவலன் அவள் வேறொருவன்மேல் மனம் வைத்தாள் என முடிவுசெய்து நீங்குகிறான். காவிரியையும் கடலையும் நெய்தல் தலைவியையும் பற்றிய பாடல்கள் அவை. அவற்றின் வழக்கு அகமரபின் வழக்கு. பெயர் சுட்டாத தலைவனும் தலைவியும் அதன் இலக்கணம். அம்மரபை நன்கறிந்த இருவரும் அன்று அதனை மறந்து, பாடலைச் செய்தியாகக் கேட்டனர்.

ஊழ்வினை யாழிசையைத் தலைக்கீடாகக் கொண்டு வந்தது என்று இளங்கோவடிகள் கூறுகிறார். ஊழ் என்னும் இடத்தில் டோபமின் என்று எழுதிவிடின் இற்றைக்கால விளக்கம் கிடைத்துவிடும் எனச் சிலர் கருதலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன. அவ்விசை ஏன் அவனைச் சுட்டது என்பதற்கு அவை விடையாகலாம். சுட்டபின் அவன் செய்தவற்றுக்கு விடையாகா. பாடலைக் கேட்டு நொந்தது உணர்ச்சி. அவளை மாயத்தாள் என்றது தீர்ப்பு. முன்னதில் அவனுக்குத் தெரிவு இல்லை என்றே கொள்வோம். பின்னதற்கோ வேறு சான்று தேடியிருக்கலாம், அவளை வினவியிருக்கலாம். ஆம்ஸ்டர்டாம் நோயாளி ஒரு பாடகரை விரும்பினார், அவ்வளவே. அவ்விருப்பத்திலிருந்து எவரைப் பற்றியும் அவர் ஒரு முடிவுக்கு வரவில்லை. கோவலன் வந்தான்.

இவ்வேறுபாட்டைக் காப்பியமே அறிந்திருந்தது என்பதற்கு மாதவியின் இரு மடல்கள் சான்றாகின்றன. வேனிற்காதையில் வசந்தமாலை கொணர்ந்த முதல் மடலைக் கோவலன் ஏற்கவில்லை. மாதவி முன்பு காட்டிய அன்பையெல்லாம் ஒவ்வொன்றாக வரிக்கூத்தின் வகைகளாகப் பெயரிட்டு, ஆடல்மகளுக்கு அவை இயல்பே என்று தள்ளிவிடுகிறான். இங்கு இசை இல்லை. யாழும் கடலும் இல்லை. மாலைப்பொழுதின் கிளர்ச்சிக்குப் பின்னும் அவன் தன் தீர்ப்பை மறுபார்வைக்கு உட்படுத்த மறுத்தான். மறுத்ததோடு, கடந்தகாலம் முழுவதையும் அத்தீர்ப்புக்கேற்பத் திருத்தி எழுதினான். அவனது பொறுப்பு கானல்வரியில் தொடங்கியிருக்கலாம். அது முழுமை பெறுவது இங்கேதான்.

மதுரைக்குச் செல்லும் வழியில் கௌசிகன் இரண்டாம் மடலைத் தருகிறான். புறஞ்சேரி இறுத்த காதையில் அதனைப் படித்த கோவலன், மாதவியிடம் தீதில்லை, தீது தன்னுடையது என உணர்கிறான். ஊழ் என்று காப்பியம் முன்பே விளக்கந் தந்திருந்தும், அவன் அவ்விளக்கத்தின் பின் ஒளிந்துகொள்ளவில்லை. அம்மடலின் சொற்கள் தன் பெற்றோர்க்குத் தான் எழுதவேண்டியவற்றோடும் பொருந்தியிருத்தலைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கௌசிகனிடம் தருகிறான். மாதவி அவனுக்கு எழுதிய ஓலை, ஓர் எழுத்தும் மாறாமல், மகன் பெற்றோர்க்கு விடுத்த ஓலையாகப் புகார் நோக்கிப் போகிறது.