ஏமாறாத கடைக்காரருக்கும் ஒரு கடமை

இனிப்புக் கடைக்கு ஒரு போன் வருகிறது. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லும் ஆள் 20 கிலோ மைசூர்பாகு கேட்கிறார். சீருடைப் படத்தோடு அடையாள அட்டையும் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. சரக்கைக் கட்டி வைத்த பிறகுதான் பணப் பேச்சு. "எங்கள் கணக்கில் முறையே வேறு. நான் அனுப்பும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்." பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை. விவரம் தெரிந்த கடைக்காரர் சுதாரித்துக்கொள்கிறார். நாலு வார்த்தை திட்டிவிட்டு நம்பரை பிளாக் செய்கிறார். நாடு முழுக்கப் பல ஆண்டுகளாக நடந்துவரும் மோசடி இது.

காசுதான் போகவில்லையே, போலீசுக்கு எதற்குப் போக வேண்டும்?

தற்செயலாக விளைவு மாறினால் பழியும் மாறுமா? 1976-ல் தத்துவ அறிஞர்கள் பெர்னார்டு வில்லியம்சும் தாமஸ் நேகலும் இந்த முடிச்சைத்தான் எடுத்து விவாதித்தார்கள். கொல்லக் குறிவைத்துச் சுட்டவனின் குண்டு, குறுக்கே பறந்த பறவைமீது பட்டுவிட்டால் அவன் குற்றம் குறைந்துவிடுமா என்பது நேகல் காட்டும் உதாரணம். பறவை வந்ததில் அவனுக்கு என்ன பங்கு? கடைக்காரர் விவரமானவராக இருந்ததிலும் மோசடிக்காரருக்குப் பங்கில்லை. பிறர் பொருளைக் கவர மனதால் நினைப்பதே தீது என்பது திருக்குறளின் கள்ளாமை அதிகாரம் எடுக்கும் நிலை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் தன் 62-ஆம் பிரிவில் முயற்சியைத் தண்டிக்கிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைக்காலத்தில் பாதி வரைதான்.

'போகட்டும், மன்னித்துவிட்டேன்' என்பார்கள் சிலர். பொறுமைக்கும் அதே குறளில் தனி அதிகாரம் உண்டு. அதன் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தனக்கு நேர்ந்ததைத்தான் ஒருவர் மன்னிக்க முடியும். அதே ஆள் அடுத்த மணி நேரத்தில் பக்கத்து ஊர்ப் பிரியாணிக் கடையை அழைத்து, 100 பொட்டலம் ஆர்டர் கொடுத்து, அங்கே கல்லாவில் நிற்கும் பையனை ஏமாற்றினால்? அந்த நஷ்டத்தை இவர் எப்படி மன்னிப்பார்? பிறர் பொருளில் தாராளம் காட்ட யாருக்கும் உரிமையில்லை.

கடையை விட்டுவிட்டு ஸ்டேஷனில் யார் உட்காருவது என்ற கவலை நியாயமானது. ஒற்றை ஆளாகக் கடை நடத்துபவருக்கு அரை நாள் வியாபாரம் பெரிது. அதற்கும் வழி இருக்கிறது. தேசிய சைபர் குற்றத் தளத்தில் கடையிலிருந்தே பதியும் புகார் அந்தந்த மாநிலப் போலீசுக்குப் போகிறது. சந்தேக அழைப்புகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் தெரிவிப்பதற்காகவே 2024 மார்ச்சில் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' வசதி வந்தது. பணமே போய்விட்டால் உடனே 1930 உதவி எண்.

ஏமாந்தவரின் புகார், பணம் கைமாறிய பிறகு வருவது. ஏமாறாதவரிடம் இருக்கும் போன் நம்பரும் கியூஆர் கோடும் இன்னும் புழக்கத்தில் இருப்பவை. அடுத்த கடையைக் காப்பாற்ற உதவக்கூடியவை. அந்த நம்பரை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே புகாரில் சேர்த்துவிடுங்கள்.